கொடிமலைக் குரங்கு

ரயில் நின்றுவிட்டது.

கொடிமலைக்கு ஏறுகிற ரயிலைச் சொல்கிறேன். மரப் பெஞ்சு போட்ட பழைய வண்டி, கம்பியில் கட்டி மேலே இழுக்கிற வகை. ஒரே கம்பியின் இரண்டு நுனியில் இரண்டு வண்டி. கீழே இறங்குகிற வண்டியிலிருந்து எவனாவது நடுவழி நிறுத்தத்தில் சாமான் இறக்கினால், மேலே போகிற நாமும் நிற்க வேண்டியதுதான். அன்றைக்கு யாரோ ஒரு மகராசன் எங்கேயோ எதையோ நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவனை நான் திட்டிய திட்டு ஏழு ஜென்மத்துக்கும் போதும்.

என் மடியில் பிளாஸ்டிக் டப்பா நிறைய கொண்டைக்கடலைச் சுண்டல். இடது காலில் என்னுடைய நீல ரப்பர் ஜப்பான் சிலிப்பர், வலது காலில் மாமியாருடைய சிவப்பு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காட்டுச் செடிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மலை உச்சியில் என் வீட்டுக்காரர் இருந்தார். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதில் பிரேக் பிடிக்காது. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் இறங்க ஆரம்பிப்பதற்குள் நான் மேலே போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், ரயில் நின்றுகொண்டுதானே இருக்கிறது.

வெள்ளைக்காரர் விட்டுப் போனது

போன வாரம் இதே பத்தியில் வந்த என் நைட் ஷிஃப்ட் கதையைப் படித்துவிட்டு நாத்தனார் போன் போட்டுக் கோபித்துக்கொண்டாள். எங்கண்ணனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றாள். இந்தா தாயே, இந்த வாரம் முழுக்க உங்கண்ணன்தான்.

பெயர் குணசேகரன், எல்லாருக்கும் குணா. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. தொண்ணூறுகள் பிறந்த புதிது. அந்த ஃபேக்டரிக்கு மெஷின் மாட்ட வந்த அமெரிக்க எஞ்சினியர் ஒருவர், வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது தன் சைக்கிளை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். சும்மா கொடுத்தார் என்று இவர் என்னிடம் சொன்னார். நான் நம்பியதாக அவரிடம் சொன்னேன்.

ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃப்ளாட்டுக்கு அது வந்து சேர்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சைக்கிள் என்றால் எனக்குத் தெரிந்தது பசாருக்குக் காய்கறி ஏற்றிப் போகிற சைக்கிள்தான். இது வேறு மாதிரி. டயர் தடித்து, முள்ளு முள்ளாக. கைப்பிடி நேராக ஒரு கம்பு. பின்னால் பல்சக்கரம் அடுக்கடுக்காக, முன்னாலும் மூன்று. மணி கிடையாது, மட்கார்டு கிடையாது, பின்னால் என்னை உட்கார வைக்க கேரியரும் கிடையாது. அதைத்தான் முதலில் கேட்டேன். இது மவுண்டன் பைக், இதில் பெண்டாட்டியை ஏற்றக் கூடாது என்று பெருமையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் கியர், டிவி பார்த்தால் பெடல். மலைப்பாதையில் ஏறும்போது சின்னப் பல்லில் சங்கிலியைப் போட்டால் சுவரில்கூட ஏறலாமாம். பிரேக்கைப் பற்றி மட்டும் ஒரு வாரம் பாடம் எடுத்தார். சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கை மாதிரி நிற்கும், நுனியில் ரப்பர் கட்டை. இழுத்தால் அந்தக் கட்டை ரிம்மைக் கவ்விப் பிடிக்கும். ரிம் காய்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் உயிர் என்றார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே ம், ம் கொட்டினேன். கேட்கிற மாதிரி காட்டிக்கொள்ளவில்லையே தவிர, எல்லாம் காதில் விழுந்துதான் இருந்தது.

புகைந்த பிரேக்

சைக்கிளோடு எஞ்சினியர் சில பத்திரிகைகளையும் விட்டுப் போயிருந்தார். அதைப் படித்துவிட்டு இவர் சொன்ன கதை ஒன்று உண்டு.

இந்த மலை சைக்கிள் எந்தக் கம்பெனிக்காரன் மூளையிலும் உதித்ததில்லையாம். எழுபதுகளில் கலிபோர்னியாவில் தலைமுடி வளர்த்த இளவட்டங்கள் சிலர், குப்பையில் கிடந்த பழைய தடி டயர் சைக்கிள்களைத் தேடி எடுத்து, மலை மேல் கொண்டுபோய், தீயணைப்பு வண்டிக்காகப் போட்ட மண் பாதையில் விட்டுக்கொண்டு இறங்குவார்களாம். சோற்றுக் கவலை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்றேன் நான்.

அந்தப் பழைய சைக்கிளுக்குக் கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்துக் குடத்துக்குள்ளே பிரேக் பிடிக்கும். மலையடிவாரம் வருவதற்குள் குடம் சூடேறி, உள்ளே இருக்கிற கிரீஸ் எல்லாம் புகையாகப் போய்விடுமாம். ஒவ்வொரு தடவை இறங்கியதும் குடத்தைப் பிரித்துப் புதுசாகக் கிரீஸ் அடைப்பார்களாம். இது சரிப்படாது என்றுதான் பிறகு கையால் இழுக்கிற பிரேக்கை மாட்டினார்கள், கியர் மாட்டினார்கள், கடைசியில் மலைக்கென்றே புதுசாக ஃபிரேம் சட்டம் செய்தார்கள். அப்புறம் ஜப்பானும் தைவானும் லட்சக்கணக்கில் செய்து உலகம் பூராவும் அனுப்பினார்கள்.

இந்தக் கதையை என் மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் மிதிக்கிற பிரேக் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. உங்கப்பா சைக்கிளும் அதேதான்டா என்றார். மாமனார் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரத்துப் பால் நிறுக்கிற வேலையில் இருந்தவர். கனத்த சைக்கிள், பின்மிதி பிரேக், அதில்தான் முப்பது வருஷம் ஓட்டினார். அமெரிக்காக்காரன் இப்போது கண்டுபிடித்ததை உங்கப்பா அப்பவே வச்சிருந்தாரு என்று அத்தை முடித்துவிட்டார். நாங்கள் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில் ஒரு விஷயத்தை மூன்று பேருமே கவனிக்காமல் விட்டோம்.

எண்ணெய்க் கிண்ணம்

அன்றைக்கு விஜயதசமி. ஞாயிற்றுக்கிழமையாக வேறு வாய்த்தது.

முதல் நாள் சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் அன்று கத்தியைக்கூடத் தொடக் கூடாது. கத்தி, சுத்தியல், என் தையல் மெஷின், இவருடைய ஸ்பேனர் டப்பா எல்லாம் சாமி முன்னால் ஓய்வெடுக்கும். மறுநாள் காலையில் எடுத்து ஒரு நல்ல வேலை செய்ய வேண்டும். இவர் தன் மவுண்டன் பைக்கையும் வைத்தார். நாளைக்குக் கொடிமலையிலிருந்து இறங்குவதுதான் இதுக்கு நல்ல வேலை என்றார். அதுவரை சமதரையில்தான் ஓட்டியிருந்தார், மலை இறக்கம் அதுதான் முதல் தடவை.

விடியும் முன்பே கிளம்பிவிட்டார். கூட வேலை செய்யும் ஆ செங் தன் அண்ணனின் மீன் வேனைக் கொண்டுவந்தார். இரண்டு சைக்கிளையும் அதில் போட்டுத் தண்ணீர்மலை பூங்கா வாசல் வரை போய், அங்கிருந்து ஜீப் பாதையில் தள்ளியும் மிதித்தும் மேலே ஏறுவது, உச்சியில் சூடாக ஒரு தே, அதாவது டீ, குடிப்பது, பிறகு இறங்குவது. அதுதான் திட்டம்.

நான் எழுந்து, மிச்சமிருந்த சுண்டலைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். அத்தை பூஜைப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே, ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்:

"நேத்து நீ குளிக்கப் போனப்ப அவன் சைக்கிளையும் தொடச்சு வச்சேன் பிள்ளே. தேங்காய் எண்ணெய் போட்டு, சக்கரத்து வளையம் ரெண்டும் கண்ணாடியாட்டம் ஆக்கிட்டேன். உங்க மாமாவுக்கு வருஷா வருஷம் அப்படித்தான் செய்வேன்."

நான் அடுப்பை அணைத்தேன்.

மாமனாரின் சைக்கிளில் இரும்பு வளையம். தோட்டத்து மழையில் துருப்பிடிக்காமல் இருக்க அத்தை எண்ணெய் தேய்த்தார். பிரேக் குடத்துக்குள்ளே இருந்ததால் முப்பது வருஷமும் ஒன்றும் ஆகவில்லை. இதில் பிரேக் பிடிப்பதே அந்த வளையத்தில்தான். எண்ணெய் பூசிய வளையத்தில் ரப்பர் வழுக்கும். வீட்டிலிருந்து வேன், வேனிலிருந்து ஏற்றம். ஏறுகிறவன் பிரேக்கை எதற்குத் தொடப்போகிறான்? முதல் இறக்கத்தில்தான் தெரியும். கொடிமலை ஜீப் பாதையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்குத்து. வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். புருஷன் போன பிறகு இந்த ஒரே மகனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர். நீங்கள் தேய்த்த எண்ணெய்தான் என்று நான் வாயைத் திறந்தால், அவர் மகனுக்கு ஏதாவது ஆவதற்கு முன்பே அத்தைக்கு உயிர் போய்விடும்.

"அவரு சுண்டல மறந்துட்டுப் போயிட்டாரு. குடுத்துட்டு வந்துர்றேன்" என்றேன்.

"அவன்தான் எடுத்துட்டுப் போனானே?" என்றார் அத்தை.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு, காலில் பட்டதை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

வண்டி மாறுதல்

ஃப்ளாட்டின் கீழே இருந்த பொதுத் தொலைபேசியின் ரிசீவரை எவனோ அறுத்துக்கொண்டு போயிருந்தான். இருந்தாலும் யாருக்குப் போன் பண்ணுவது? தண்ணீர்மலைக்குப் போகலாம் என்றால் டவுன் போய் பஸ் மாற வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் அடிவாரத்தில் நின்று என்ன செய்வது, விழுந்து வருகிறவரைப் பொறுக்கவா? மேலே போவதுதான் வழி. ரயில் ஸ்டேஷனோ எங்கள் பக்கம்தான். ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசல் வரை நின்றது. எனக்குத் தெரிந்த மலாயில் டிக்கெட் கிழிப்பவரிடம் என் புருஷன், சைக்கிள், பிரேக் இல்லை என்று சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்தாரோ, பாவம் என்று நினைத்தாரோ, கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார். இன்றைக்கும் அந்த மனிதருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

இப்படித்தான் நான் அந்த ரயிலில் வந்து உட்கார்ந்தேன். இப்படித்தான் அது நின்றது.

கடைசியில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. நடு ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கி அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். முதல் ஆளாக மாறி உட்கார்ந்தேன். மற்றவர்கள் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தார்கள். காற்று குளிர ஆரம்பித்தது. எனக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது.

வண்டியின் முன்னால் நின்ற பணியாளர் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது பிரேக் என்று நானே முடிவு செய்துகொண்டு அவர் கையையே பார்த்தபடி வந்தேன். இவர் அங்கே தே குடித்து முடித்திருப்பாரா? இவருக்கு ஒரு கோப்பை போதாது, இரண்டாவது சொல்வார். அந்தப் பழக்கத்துக்காக எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு, முருகா, இன்னொரு தே சொல்ல வை, மூணாவதும் சொல்ல வை என்று வேண்டிக்கொண்டேன்.

பாரு துருன்

உச்சியில் இறங்கியதும் தே கடைகளுக்கு ஓடினேன். பனி இன்னும் விலகவில்லை. கடை வைத்திருந்த மலாய்க்கார மக்சிக், வயதான அம்மா, மேஜையில் இரண்டு காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். சைக்கிள்காரங்க இரண்டு பேர் எங்கே என்று கேட்டேன்.

"பாரு துருன்" என்றார். இப்போதுதான் இறங்கினார்கள்.

அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் டப்பாவை இடுக்கிக்கொண்டு திரும்பினேன். அவர் கை காட்டிய பக்கம் ஓடினேன். ஜீப் பாதை அங்கேதான் தொடங்குகிறது. முதல் அடியிலேயே கால் முன்னால் இழுக்கிற சரிவு. சிலிப்பர் இரண்டும் வேறு வேறு அளவு, வலது கால் வழுக்கிக்கொண்டே போனது.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏங்க, இங்க பாருங்க, இவ்வளவுதான். அன்றைக்கு அந்த மலை முழுக்கக் கேட்கும்படி "குணா! நில்லு குணா!" என்று கத்தினேன்.

கீழே எங்கேயோ உலோகம் சிமெண்டில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

முதல் வளைவில் யாரும் இல்லை. பாதை ஓரம் பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை. பார்க்க வேண்டும் என்று தெரிகிறது, தலை திரும்ப மாட்டேன் என்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருப்பேன் போல. இரண்டாவது வளைவில்தான் சைக்கிளைப் பார்த்தேன். பாறைப் பக்கத்துச் சாக்கடைக்குள் தலைகீழாகக் கிடந்தது. பூஜையில் அத்தை வைத்த சந்தனப் பொட்டு கைப்பிடி நடுவில் அப்படியே இருந்தது.

சாக்கடைச் சுவரில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, இடது தோளை வலது கையால் தாங்கிக்கொண்டு. முட்டியெல்லாம் ரத்தம். ஆ செங் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தன் சட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அறையலாம் போல இருந்தது. ஆனால் எந்தக் கன்னத்திலும் இடமில்லை, எல்லாம் சிராய்ப்பு.

நடந்ததை ஆ செங்தான் சொன்னார். முதல் வளைவிலேயே பிரேக் வழுக்கியிருக்கிறது. லீவர் கைப்பிடியில் வந்து இடிக்கிற வரை இழுத்தும் வேகம் குறையவில்லை. முன்னால் போன ஆ செங்கை ஒதுங்கச் சொல்லிக் கத்திவிட்டு, சப்பாத்துக் காலைப் பின் டயரில் வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறார். அடுத்த வளைவு வந்ததும், பள்ளமா பாறையா என்று ஒரு கணம்தான். வேண்டுமென்றே பாறைப் பக்கம் திருப்பிவிட்டார்.

அவர் என்னைப் பார்த்து, நீ எப்படி இங்கே என்று கேட்கவில்லை. கையை மூக்கில் வைத்து மோந்தார். ரிம்மைத் தொட்டுப் பார்த்திருக்கிறார் போல.

"தேங்காய் எண்ணெய்" என்றார்.

"தெரியும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியவே கூடாது" என்றார். தோள் எலும்பு உடைந்த வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அப்போது பார்த்து ஒரு குரங்கு மேலிருந்து இறங்கி வந்தது. நான் சுவர் மேல் வைத்திருந்த சுண்டல் டப்பாவை எடுத்துக்கொண்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரத்தில் ஏறிவிட்டது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரங்கு குறுக்க பாஞ்சிருச்சு. சரியா?" என்றார்.

சரி என்றேன். பழியைச் சுமக்கிற குரங்குக்குச் சுண்டலாவது கூலியாகக் கிடைக்கட்டும்.

மறு வருஷம்

கட்டுப் போட்ட கையோடு அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். குரங்குக் கதையைச் சொன்னோம். ஆ செங்கும் தன் பங்குக்குக் குரங்கு எவ்வளவு பெரியது என்று கையை விரித்துக் காட்டினார். அத்தை மகன் முகத்தைத் தடவினார். பிறகு குனிந்து என் கால்களைப் பார்த்தார். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று.

அன்றிலிருந்து குரங்குச் சாதிக்கே எங்கள் வீட்டில் அர்ச்சனைதான். மகனுக்குத் தோள் வலிக்கும்போதெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டே, அந்தக் குரங்கு நாசமாப் போக, அதன் கை விளங்காமப் போக என்று திட்டுவார். இப்படியா ஒரு குரங்கைத் திட்டுவார்கள் என்று எனக்கே பாவமாக இருக்கும். சில நேரம் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார். தைலக் காரம் என்று நினைத்தேன்.

எலும்பு கூடியது. சைக்கிளை இவர் நிமிர்த்தி, பாத்திரம் கழுவுகிற சோப்பால் ரிம்மைத் தேய்த்து, ரப்பர் கட்டை மாற்றி, திரும்பவும் ஓட்ட ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் கேட்கிற ஆளா?

அடுத்த சரஸ்வதி பூஜை நெருங்க நெருங்க எங்கள் இருவருக்கும் அதே பேச்சுதான். அத்தையிடம் எண்ணெய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால்? மறுநாள் விடியும் முன் எழுந்து நானே சோப்புப் போட்டுக் கழுவிவிடுவதாகப் பேசி வைத்துக்கொண்டோம். துணியும் வாளியும் குளியலறையில் தயாராக ஒளித்து வைத்திருந்தேன்.

பூஜையன்று சாயங்காலம் அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு சைக்கிள் முன்னால் உட்கார்ந்தார். இவர் பேப்பர் படிக்கிற பாவனையில் இருந்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். சட்டத்தைத் துடைத்தார். கைப்பிடியைத் துடைத்தார். சீட்டுக் கம்பியைத் துடைத்தார். துணியைத் திரும்ப எண்ணெயில் தோய்த்துக்கொண்டு, சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

கை வளையத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. பிறகு துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டார்.

"சக்கரத்துக்கு வேணாம்" என்றார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், சைக்கிளிடம் சொல்வதுபோல. "குரங்கு வந்துரும்."

இவர் கையில் பேப்பர் அசையவில்லை. ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் அவர் திட்டியது யாரை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்து, கைப்பிடி நடுவில் பொட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, கடலை வெந்துருச்சா பிள்ளே, போய்ப் பாரு என்றார்.